பஞ்சு இருமல் இல்லையாம்

நவ. 3, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை.
மில்லை விட்டு நின்று ஒரு மாதம் ஆகப்போகிறது. இருமல் நின்றபாடில்லை. பஞ்சுத் தூசிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நெஞ்சு சுத்தமாகும் என்று ஷிஃப்ட் முடிந்து தின்ற வெல்லம் கொஞ்சமா! கடைசியில் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாங்கள் குடியிருக்கும் மடவார் வளாகத்தில் பஞ்சு ஏது?
படுத்தால் இருமல். குனிந்து கூட்டினால் தொண்டை வரைக்கும் புளித்த தண்ணீர். காலையில் குரலே எழும்பவில்லை.
வீட்டுக்காரர்: "செத்த நேரம் படேன்."
படுத்தால்தானே வருகிறது!

நவ. 6, வியாழன்
வாங்க வேண்டியது: சீரகம், சோப்பு, மாமனாருக்குத் தைலம்.
ராஜபாளையத்திலிருந்து சாந்தி போன். மில்லில் பக்கத்து மெஷின்காரி. "ஏட்டி, நீ இல்லாம பேச்சுத் துணைக்கு ஆளே இல்ல."
சிரித்தேன், இருமல். பொறவு நெஞ்சுக்குழியில் எரிச்சல். மாரடைப்போ? நாளை ஆஸ்பத்திரி.

நவ. 7, வெள்ளி
ஈசிஜி நன்றாயிருக்கிறது. எக்ஸ்ரேயும். டாக்டரம்மா கேள்வி மேல் கேள்வி.
"சாப்பிட்டதும் படுத்துருவீங்களா?" வீட்டு வேலை முடிந்தால் வேறென்ன செய்வது?
"வெறும் வயித்துல டீயா? காலையில வாய் புளிக்குதா? தொண்டையில என்னமோ அடைச்ச மாதிரி?"
ஆமாம், ஆமாம். கூட இருந்து பார்த்த மாதிரி கேட்கிறார்.
"இது பஞ்சு இல்லம்மா. வயித்து அமிலம் மேல ஏறி தொண்டையப் புண்ணாக்குது."
"அப்ப நான் வேலைய விட்டிருக்க வேண்டாமா?"
டாக்டரம்மா மாத்திரை எழுதினார்.
பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவள் பால்கோவாப் பையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள். எனக்கென்று இருந்தது அந்த மில் ஒன்றுதான். நானே கெடுத்துக்கொண்டேன்.

நவ. 19, புதன்
மாத்திரை, பொழுது சாயும்போதே சாப்பாடு, கட்டில் தலைமாட்டை உயர்த்தச் செங்கல். எரிச்சல் குறைவு. இருமல் எப்போதாவது.
மில்லுக்குப் போனேன். சூப்பர்வைசர் நாற்காலி இழுத்துப் போட்டார். ஒருநாளும் உட்காரச் சொல்லாத மனுஷன். அப்போதே தெரிந்துவிட்டது.
"வடக்கேருந்து பிள்ளைக வந்துட்டாவக்கா. ஒங்க மெஷின அவியதான் ஓட்டுதாவ. பாப்போம்."
வீட்டுக்காரருக்கு வருத்தமே இல்லை. "விடு. எங்க அய்யாவப் பாத்துக்க ஆளு வேணும்லா."
அடப்பாவி மனுஷா.

நவ. 20, வியாழன்
ராத்திரி முழுக்க இருமவே இல்லை. அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். தெருமுனையில் மில் பஸ் ஹாரன் கேட்டுத்தான் விழித்தேன். ஐயோ நேரமாச்சே என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் ஓடிவிட்டேன்.