இடது பக்கத்திலிருந்து கேட்டது

மார்ச் 4

அடுப்பை அணைக்கச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன். செய்தித்தாளை விட்டு அவர் தலை நிமிரவில்லை. பால் பொங்கி வழிந்துவிட்டது. "என்னங்க, காதுல பஞ்சா வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"நீ வாய்க்குள்ளயே முணுமுணுத்தா எனக்கு எப்படித் தெரியும்?"

வகுப்பில் கடைசி பெஞ்சு வரை நாற்பத்திரண்டு பேருக்கும் கேட்கிற குரல் இது.

அக்கா விஷயத்துக்குப் பிறகு இந்த மனிதரிடம் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறது.

மார்ச் 9

மகள் வந்திருந்தாள். "அப்பாவுக்குக் காது கேட்கலம்மா, நீ கவனிக்கலையா?"

"அதெல்லாம் இல்ல. வேண்டியது மட்டும் நல்லா கேட்கும்."

அவள் சிரிக்கவில்லை. "போனை வலது காதுலதான் வைக்கிறார். சாப்பிட உட்கார்ந்தா எப்பவும் அந்த மூலை நாற்காலிதான். பாரு."

பார்த்தேன். மூலை நாற்காலியில் அவருக்கு இடது பக்கம் சுவர். எத்தனை நாளாக?

மார்ச் 10

கேட்டேன். "சளி" என்றார்.

மார்ச் 23

இத்தனை நாள் மன்றாடி, இன்றுதான் காது டாக்டரிடம் அழைத்துப்போக முடிந்தது. கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு உட்கார வைத்தார்கள். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்கு டக் டக்கென்று அழுத்தினார். இடது காதுக்கு விரல் பொத்தான்மேல் சும்மாவே இருந்தது. பரிசோதித்த பெண் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். விடை தெரியாத பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர். ஒருநாள் காலைல எழுந்தா காது அடைச்ச மாதிரி இருந்தது. உள்ள ஒரே விசில் சத்தம். சரியாயிடும்னு விட்டுட்டேன்."

"திடீர்னு கேட்காம போனா அது அவசரம். ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா மருந்துல ஓரளவாவது மீட்டிருக்கலாம்." நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்.

ஏன் சொல்லவில்லை என்று வெளியே வந்ததும் கேட்டேன். கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். "தெரிஞ்சா வண்டிய விட்டு இறக்கிடுவாங்க. உன்கிட்ட சொன்னா, நீ என்னை ஏற விட்டிருப்பியா?"

மார்ச் 24

இரண்டு வருடம். நான் அக்காவுக்காக அவரிடம் கேட்டு ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

அன்று பஸ்ஸில். நான் ஜன்னலோரம் — அவருக்கு இடது பக்கம். "அக்காவ அந்தக் காப்பகத்துலேர்ந்து கூட்டிட்டு வந்து நம்மகூட வெச்சுக்கலாமாங்க? அவளுக்கு வேற யாரு இருக்கா?" அழுகை தெரியக் கூடாதென்று வெளியே பார்த்தபடிதான் கேட்டேன். பதில் இல்லை. மனசில்லை போல என்று நினைத்தேன். இன்னொரு முறை கேட்க ரோஷம் விடவில்லை. அக்கா அந்தக் காப்பகத்திலேயே, சிறுநீரகம் முழுக்கப் பழுதாகி, போய்ச் சேர்ந்தாள்.

நான் கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்.

அய்யோ, ஒரே ஒரு தடவை முகத்தத் திருப்பிக் கேட்டா என்ன கொறைஞ்சு போயிருக்கும் எனக்கு?

ஏப்ரல் 2

ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. காதை விட்டுப் போன கேள்வி போனதுதான்.

ஏப்ரல் 17

காதுக்கருவி மாட்டினார்கள். "கத்தாதீங்கம்மா. கத்தினா சத்தம்தான் பெருசாகும், வார்த்தை புரியாது. எதிர்ல உட்கார்ந்து நிதானமா பேசுங்க" என்றாள் அன்று காதைப் பரிசோதித்த பெண்.

கிடங்கில் அவரே சொல்லிவிட்டார். சரக்கு ரசீது எழுதும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். "இனிமே நான் ஆபீசர்" என்று சிரிக்கிறார். இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மே 5

அக்கா போய் இன்றோடு ஒரு வருடம்.

மாலையில் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். என் வாயையே பார்த்தபடி, "ஒண்ணு சொல்லு. உங்க அக்கா முடியாம இருந்தப்போ, இங்க கூட்டிட்டு வரலாம்னு எப்பவாவது என்கிட்ட கேட்டியா? நீ கேட்டு எனக்குத்தான் கேட்காம போச்சா?"

எத்தனை நாளாக இதை மனசுக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ. கருவி மாட்டிய காதைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

"இல்லைங்க" என்றேன். "நான் கேட்கவே இல்ல."

அவர் மூச்சு மெல்ல வெளியே வந்தது.

"கேட்டிருக்கலாமேம்மா. அந்தச் சின்ன ரூம் சும்மாத்தானே இருந்தது."

தலையாட்டினேன்.