வரி மறந்த வண்டி

கார்த்திகை 9, செவ்வாய்

ஆண்டிமடத்தில் முந்திரி மூட்டை ஏற்றி வந்த என் லோடு வண்டியை அரியலூருக்கு வெளியே ஆர்.டி.ஓ. மடக்கினார். காலாண்டு சாலை வரி கட்ட மறந்திருந்தேன். முகப்பில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

"அமாவாசைக்கு அமாவாசை இத மட்டும் மாத்திருவியாக்கும்?"

"நாளைக்கே அபராதத்தோட கட்டிடுறேன் சார்."

"கட்டிட்டு வந்து வண்டிய எடுத்துக்க."

அந்நேரம் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று தார்ப்பாய் இல்லாமல் கல் சிந்திக்கொண்டே போனது.

"அத புடிக்க மாட்டீங்களா?"

"அவன் வரி கட்டிட்டான்டா" என்று சிரித்தார்.

தகவல் கேட்டு வந்த முந்திரிக்காரர் மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டார். இனி என்னைக் கூப்பிடமாட்டார்.

நாளை அமாவாசை. வரும் வழியிலேயே எலுமிச்சம்பழம் வாங்கிவிட்டேன். அது மட்டும் மறக்கவில்லை. த்தூ.