சாய்ந்தே நிற்கிறவனுக்கு

லியோங்காதா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லாக்லனுக்கு அம்மா எழுதுறது. இங்கே நானும் உன் தங்கச்சி தாம்சினும் மாடுகளும் ஏதோ இருக்கோம், அங்கே சுரங்கத்து வெயில்ல நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினா அதுவே எனக்குப் போதும். போன் எடுக்க மாட்டேங்கிற, அதான் எழுதுறேன். அப்பா போனதிலேருந்து நான் ஊரைத் தாண்டினது ஒரே தடவைதான். காலையும் சாயங்காலமும் கறவை, நடுவுல தாம்சினைத் தனியா விட முடியாது, எழுந்து நின்னா நெஞ்சு ஓடுற ஓட்டத்துல அப்படியே சரிஞ்சுடறா. அவ கட்டில்ல அடைஞ்சு கிடக்கா, நான் அவளுக்கும் கொட்டகைக்கும் நடுவுல அடைஞ்சு கிடக்கேன். மழை வேற விடல.

உன் மெர்வ் சித்தப்பா உதவிக்கு வர்றார். கன்னு போட்டுப் படுத்துட்ட பசுவை உடனே இடுப்புல கிடுக்கி மாட்டித் தூக்கி நிறுத்தலேன்னா அப்புறம் எழுந்திரிக்காதுல்ல, அதே நெனப்புல போன மாசம் இவளையும் அக்குள்ல கைகொடுத்துத் தூக்கி, நில்லுடி, நின்னாத்தான் பழகும்னு நிறுத்திட்டார். விட்டதும் விழுந்து அடுப்பு விளிம்புல தாடை கிழிஞ்சுது. தையல் போட்டு வந்ததும் இவ, சித்தப்பா, அடுத்த தடவை காதுல நம்பர் குத்திட்டு நிறுத்துங்கன்னா. அவர் சிரிக்கல. அன்னையிலேருந்து காலைக் கறவையை அவரே பேசாம பாத்துட்டுப் போயிடறார்.

அதனாலதான் மெல்போர்ன் டாக்டரம்மாகிட்ட போக முடிஞ்சுது. கையில சின்னதா ஒரு ரத்தக்குழாய்த் துண்டு எடுத்து அதைச் சுத்தியிருக்கிற நரம்பைப் பாத்தாங்க. நாம எழுந்திரிக்கறப்ப நரம்பு ஏதோ ஒண்ணைக் கக்குமாம், ரத்தத்தை மேல ஏத்த, வேலை முடிஞ்சதும் அதை நரம்பே திரும்ப உறிஞ்சிக்கணுமாம். இவளுக்கு உறிஞ்சுற வாய் குறைச்சல், கக்கினது வெளியிலயே தேங்கி நெஞ்சை விரட்டுது. அந்த வாயை உண்டாக்குற மரபணு கெடல, முழுசா இருக்கு, மூடிக்கிடக்குன்னாங்க. அப்போ என் பொண்ணு சோம்பேறி இல்லையேம்மான்னு கேட்டேன். இல்லவே இல்லைன்னாங்க. உங்கப்பா அப்படி நெனச்சுக்கிட்டே போயிட்டாரே, இந்த ஒரு வார்த்தையைக் கேட்க இருந்திருக்கக் கூடாதா.

வீட்டுல வேற யாருக்காவது உண்டான்னாங்க. நான் இல்லைன்னு வாயெடுக்கறதுக்குள்ள தாம்சின், எங்கண்ணன் சாயச் சுவர் எங்கேன்னு பாத்துட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பான்னா. எனக்கு அப்பாவோட சவப்பெட்டியைத் தூக்கினப்ப நீ வெளுத்துப்போய் சர்ச் பெஞ்சைப் பிடிச்சது ஞாபகம் வந்துச்சு. புழுக்கம்னு சொன்ன, அன்னைக்கு வெளியில உறைபனி. தெரிஞ்சா நீ ஓட்டுற சுரங்க லாரியிலேருந்து இறக்கிடுவாங்கன்னு பயமா? அந்த லாரியோட அவ்வளவு உயர ஏணியில நீ ஏறுறதை நெனச்சா எனக்குத் தூக்கமில்ல. இங்கே வந்து எங்களோட மாட்டிக்கோன்னு கூப்பிடலடா, அந்த டாக்டரம்மாகிட்ட கையைக் காட்டிட்டுத் திரும்பிப் போயிடு.

நல்லா இரு, உங்கப்பா மேலேருந்து உன்னைப் பாத்துக்கட்டும். காலையில சட்டுனு எழுந்திரிக்காதே. கட்டில் ஓரமா உக்காந்து, காலைத் தரையில வெச்சு, உப்புத் தண்ணி குடிச்சிட்டு, அப்புறம் எழுந்திரு. தாம்சின் அப்படித்தான் செய்யறா. நீயும் செய்யறேன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

உன் அம்மா
கிளெனிஸ்