சி-7 இருந்த இடம்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் போர்டின் இணைய மன்றத்தை மூடிவிட்டார்கள். காலையில் திறந்தால் கம்பெனியின் பளபளப்பான பக்கம் வந்து நிற்கிறது: 'உங்கள் படைப்பாற்றலுக்கு ஒரு புதிய வீடு.' பழைய வீட்டை இடித்தது யாராம்? ஒன்பது வருடமாக நான் எழுதிய பதில்கள் அத்தனையும் போயே போச்சு. பல்பு எரியவில்லை என்று கேட்டு வந்த ஒருவரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

இந்த போர்டை நானும் அத்தானும் இதே சாப்பாட்டு மேஜையில்தான் வரைந்தோம். உள்ளங்கை அளவுக் கணினி. யார் வேண்டுமானாலும் செய்யலாம், மாற்றலாம் என்று வரைபடத்தைப் பொதுவில் போட்டோம். போர்டின் பெயர், மன்றம் இவற்றின் பதிவு மட்டும் அத்தான் பெயரில். போன வருடம் எல்லாவற்றையும் ஒரு பெரிய சிப் கம்பெனியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, இப்போது அங்கேயே தலைமைப் பொறியாளராக இருக்கிறார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "அவரு என்னடி பண்ணுவாரு, மேலிடத்து முடிவு" என்றாள். மேலிடமாம்!

மார்ச் 5

இன்னும் வயிறு எரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

கம்பெனியின் புது போர்டு ஒன்று வாங்கி, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சி-7 இல்லை!

மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் கெப்பாசிட்டருக்கு எங்கள் வரைபடத்தில் அந்தப் பெயர். ஹீட்டர் மாதிரிப் பெரிய சாமான் ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். அதைத் தாங்கிப் பிடிப்பது சி-7; அது இல்லாவிட்டால் போர்டு வேலை செய்யாமல் அப்படியே உறைந்துவிடும். ஹீட்டர் பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒரு பிளாஸ்டிக் வாளியை உருக்கித்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

ஏன் எடுத்தார்கள்? அது எதற்கு இருக்கிறது என்று மன்றத்தில் மட்டும்தான் எழுதியிருந்தேன். மன்றத்தை அழித்தவர்களுக்கு வேண்டாத சாமானாகத் தெரிந்திருக்கிறது. அத்தானுக்கும் ஞாபகம் இருக்காது. சோதனை எல்லாம் என் தலையில்தானே கட்டினார்.

தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஊரே பார்க்க அவர்கள் பெயர் நாறட்டும்.

மார்ச் 15, சனி

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. "புது போர்டு எப்படி? சின்னதா, அழகா இருக்குல்ல?" என்றார் அத்தான்.

"ரொம்ப அழகு அத்தான்."

"இன்னும் கோபமா உனக்கு?"

"எனக்கென்ன கோபம்" என்றேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 22, சனி

கணக்கு டீச்சர் வந்தார். ரிட்டயர் ஆனவர், கோழிகள் வளர்ப்பதால் மன்றத்தில் எல்லோருக்கும் கோழி டீச்சர். ஹீட்டர் வைத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டியை எங்கள் போர்டை வைத்துத் தானே செய்தவர். பழைய போர்டு கெட்டுப்போய், போன வாரம் கம்பெனியின் புதுசை மாட்டியிருக்கிறார்.

நாற்பத்திரண்டு முட்டை. எல்லாம் வெந்துவிட்டன.

"இன்னும் ரெண்டு நாள்ல வெளிய வந்திருக்கும்மா. காதை வச்சா உள்ள சத்தம்கூடக் கேட்டுச்சு. நான்தான் வயரை ஏதோ தப்பா மாட்டிட்டேன் போல. மன்றம் இருந்திருந்தா உன்னைக் கேட்டிருப்பேன்."

"உங்க தப்பு இல்ல டீச்சர்" என்றேன். யார் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பதின்மூன்று நாள். தெரிந்தும் கம்மென்று இருந்தேனே — யாரைப் பழி வாங்கினேன்? கம்பெனிக்கு ஒரு கீறல்கூட இல்லை. சீ.

டீச்சர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன். "மத்தவங்களையாவது காப்பாத்து" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அதற்காகக் கம்பெனியை விட்டுவிடுவேனா? இனிமேல்தான் இருக்கிறது.

மார்ச் 26, புதன்

என் பழைய கணினியிலேயே புது மன்றம் தொடங்கிவிட்டேன். முதல் பதிவு: சி-7. எங்கே இருந்தது, எடுத்தது யார், நாமே எப்படி ஈயம் உருக்கி சால்டர் செய்வது — படத்தோடு. என் பதின்மூன்று நாளையும் மறைக்கவில்லை.

பழைய விதிதான். புதிதாக வருகிறவர் மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். எந்த போர்டு? எந்த பவர் சப்ளை? இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? எழுதாதவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 2, புதன்

சி-7 பதிவு ஊரெல்லாம் பரவி, கம்பெனி புது போர்டின் விற்பனையை நிறுத்திவிட்டது! அத்தான் ஏழு தடவை அழைத்தார். எட்டாவது தடவை எடுத்தேன்.

"ஊரைக் கூட்டிட்டியே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"மன்றத்தை மூடுறப்போ நீங்க சொன்னீங்களா?"

அத்தான் தணிந்த குரலில்: "எதை எதுக்காக வச்சோம்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. உன்கிட்ட குறிப்பு ஏதாவது இருக்கா?"

"மன்றத்துல கேளுங்க அத்தான்." வைத்துவிட்டேன். அத்தனை சந்தோஷம்.

அக்கா பேசுவதில்லை. அதுதான் வலிக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் ஒரு புதிய உறுப்பினர். சொந்தப் பெயர், தலைமைப் பொறியாளர் என்ற பதவி, கம்பெனி எல்லாம் போட்டிருந்தார். முதல் இரண்டு கேள்விக்குப் பதில் இருந்தது; மூன்றாவது காலி.

நான் பார்ப்பதற்குள் கோழி டீச்சர் எழுதிவிட்டார்: 'மூன்றாவதையும் நிரப்பவும்.'

மத்தியானம் நிரப்பியிருந்தார்: 'சி-7ஐ எடுத்துவிட்டோம். எதற்கு இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. அந்த ஆளை நான்தான் விரட்டினேன்.'

மூன்று தடவை வாசித்தேன். தேனாக இனித்தது. இன்னொரு தடவையும் வாசித்துவிட்டு, எல்லோருக்கும் எழுதுவது போலவே தொடங்கினேன்: 'புதியவருக்கு வணக்கம். முதலில் ஒரு சால்டரிங் அயர்ன் எடுத்துக்கொள்ளுங்கள்.'