செனட்டர் இனி நிற்கமாட்டாராம், அண்ணை

அண்ணை,

இன்று சனிக்கிழமை காலை செனட்டர் எழுதியிருந்தார். வழமையான வாரக் கடிதம்தான் என்று நினைத்து, ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் கைபேசியுமாகக் குசினி யன்னலடியில் நின்று வாசித்தேன். பாலம், பள்ளிக்கூடம், வாய்க்கால் என்று தொடங்கவில்லை. வருகிற தேர்தலில் தான் போட்டியிடப் போவதில்லை, வயது போய்விட்டது, இளையவர்கள் வரட்டும் என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு படம். அதே நீலச் சட்டை, அதே சிரிப்பு. தலைமயிர்தான் முந்தி இருந்ததில் பாதி.

என் ஆங்கிலத்துக்கு இதை இரண்டு தரம் வாசிக்க வேண்டியிருந்தது. விளங்கியதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து, எதிர்க் கதவில் தட்டப் போனேன். கையை உயர்த்திய பிறகுதான் கதவில் இருந்த பெயரைக் கண்டேன். அது உங்கள் பெயரில்லை. உங்கள் வீட்டுக்கார அக்கா ஒடென்சேக்கு மகளோடு இருக்கப் போன பிறகு அங்கே ஒரு போலந்துக் குடும்பம் வந்துவிட்டது. நல்ல சனம். விடியற்காலையில் சாரம் கட்டிய மனிசன் ஒருத்தன் தங்கள் வாசலில் கையை உயர்த்தியபடி நிற்பதைக் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. சத்தமில்லாமல் திரும்பி வந்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். அமெரிக்காவில் ஒரு செனட்டர் ஓய்வு பெறுவதை டென்மார்க்கில் இந்த ஹோர்சன்ஸில் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த மனிதர் எங்களிடம் வந்து சேர்ந்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கிற நிலையில் ஒருவரும் இல்லை. ஊரில் சண்டை உச்சத்தில் இருந்தது. உங்கள் தங்கச்சி குடும்பம் உள்ளே அகப்பட்டிருந்தது. உலகத்தில் பெரிய கதிரைகளில் இருக்கிற எல்லாருக்கும் எழுதுவோம் என்று எங்கள் ஆட்கள் ஒரு மாதிரிக் கடிதத்தை அடித்துக் கொடுத்தார்கள். பெயரைப் போட்டு அனுப்புவதுதான் எங்கள் வேலை. நான் ஒரே மூச்சில் கனபேருக்கு அனுப்பினேன். அதில் ஒருவர் ஏற்கெனவே காலமானவர் என்று பிறகு தெரிய வந்தது. நீங்கள் மட்டும் மாதிரிக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அகராதியோடு இருந்து சொந்தமாக ஒன்று எழுதினீர்கள். அதுவும் ஒரே ஒருவருக்கு. ஏன் அவருக்கு என்று கேட்டேன். தொலைக்காட்சியில் ஒருமுறை பார்த்தீர்களாம்; மற்றவர் கதைக்கும்போது இடையில் விழாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

பதில் வந்தது. எழுதியதற்கு நன்றி, ஆனால் நீங்கள் என்னுடைய மாநிலத்தில் வசிப்பவரல்லர், ஆகவே தயவுசெய்து உங்கள் சொந்தப் பிரதிநிதியைத் தொடர்புகொள்ளுங்கள். அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அமெரிக்கா முழுவதையும் உங்கள் குசினியில் வைத்துத் திட்டித் தீர்த்தேன். நீங்கள் அந்தத் தாளை மேசையில் வைத்து, சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தீர்கள்.

"அந்தாள் கேட்டதில ஒரு ஞாயம் இருக்கு, ஐசே," என்றீர்கள். "என்ர பிரதிநிதி ஆர்?"

டென்மார்க்குக்கு வந்து எத்தனை வருடம். நான் வேலை செய்கிற களஞ்சியத்தின் மேற்பார்வையாளர் பெயர் தெரியும், அவருடைய நாயின் பெயர்கூடத் தெரியும். எங்களுக்காகப் பேச வேண்டியவர் யார் என்பது இருவருக்கும் தெரியவில்லை. நீங்கள் விடவில்லை. நாடாளுமன்றத்தில் தொடங்கி, நகரசபைக்கு இறங்கி, கடைசியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் வந்து நின்றீர்கள். வருடத்துக்கு ஒருமுறை குடியிருப்போர் கூட்டம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாக்கு. காப்பியும் கேக்கும் சும்மா. அழைப்புத் தாள் ஒவ்வொரு வருடமும் எங்கள் தபால் பெட்டிக்குள் விழும். எங்கள் ஆட்களில் ஒருவரும் போனதில்லை. அது "அவங்கட கூட்டம்".

தங்கச்சி குடும்பம் பிறகு உயிரோடு வெளியே வந்தது. அது கடவுள் செயல், செனட்டர் செயலில்லை என்று நான் சொல்வேன். நீங்கள் ஓம் என்றும் சொல்லமாட்டீர்கள், இல்லை என்றும் சொல்லமாட்டீர்கள்.

பதில் போட்டதோடு அவருடைய அலுவலகம் உங்கள் பெயரை வாரக் கடிதப் பட்டியலிலும் சேர்த்துவிட்டிருந்தது. மற்றவர்களென்றால் அழித்துவிடுவார்கள். நீங்கள் என் பெயரையும் பதிந்து வைத்தீர்கள். அஞ்சல் குறியீடு ஐந்து எண்ணில் கேட்டது. எங்கள் நாலு எண்ணுக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தைப் போட்டீர்கள். அமெரிக்கா அதை நம்பியது. அன்றிலிருந்து சனிக்கிழமை காலை என்றால் உங்கள் குசினியில் செனட்டர் வாசிப்பு. நீங்கள் வாசிப்பீர்கள், நான் குறுக்கே கதைப்பேன். ஊர்ப் பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் கணிதத்தோடு இரண்டு தரம் மல்லுக்கட்டித் தோற்ற எனக்கு, நாங்கள் கண்ணால் காணாத ஒரு மாநிலத்தின் வடிகால் பிரச்சினை மனப்பாடம். அந்த ஆற்றுப் பாலம் எங்களுக்கு நாடகத் தொடர் மாதிரி. முதலில் பணம் வரவில்லை. பணம் வந்தபோது தூணில் ஏதோ ஒரு பறவை கூடு கட்டிவிட்டது. பறவை போனபோது ஒப்பந்தக்காரர் போய்விட்டார். கடைசியில் பாலம் திறந்த வாரம் நீங்கள் என் வீட்டுக்கு ஒரு கேக்கோடு வந்தீர்கள். யாருக்குப் பிறந்தநாள் என்று என் மனைவி கேட்டாள்.

"அவன் எங்க அண்ணை எழுதுறான்? சம்பளத்துக்கு ஆள் வச்சு எழுதுவிக்கிறான்," என்று நான் ஒரு நாள் நக்கலடித்தேன்.

"ஆர் எழுதினாலும் கீழ பேர் போடுறது அவன்தானே. இந்தக் கிழமை தன்னால ஏலாமப் போனதையும் எழுதியிருக்கிறான், பாரும்."

அதுதான் உங்களைப் பிடித்துக்கொண்டது. முடிந்ததையும் முடியாததையும் ஒரே தாளில் எழுதுவது.

முதல் தரம் நீங்கள் நிர்வாகக் குழுவுக்கு நின்றபோது நானும் கூட வந்தேன், கேக்குக்காக என்று வெளியில் சொல்லிக்கொண்டு. உங்களை நீங்களே அறிமுகப்படுத்தச் சொன்னார்கள். எழுந்து, இந்தக் கட்டடத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, கேட்டு அறிந்து சொல்லுவேன் என்று டேனிஷில் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டீர்கள். எனக்கு மேசைக்குக் கீழே ஒளியலாம் போல இருந்தது. உங்களுக்குப் பெட்டிக்குள் ஐந்து வாக்கு விழுந்திருந்தது. நாலு எங்கள் இரண்டு வீட்டினுடையது. ஐந்தாவது வாக்கு யாருடையது என்று வருடக்கணக்காக ஆராய்ந்தோம்.

தோற்ற அடுத்த கிழமை, கீழே சலவையறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே டேனிஷ், கீழே தமிழ். மூன்றாம் வாசல் விளக்கு எரியவில்லை, கொம்பனிக்குப் போன் அடித்தேன், வரவில்லை, திங்கட்கிழமை திரும்ப அடிப்பேன். சைக்கிள் கொட்டகைப் பூட்டின் திறப்பு யாரிடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசி வரி: நான் எழுதியதில் பிழை இருந்தால் வந்து சொல்லுங்கள், இரண்டாம் மாடி, வலப்பக்கம்.

"தோத்தவன் அறிக்கை விடுறதை நான் இப்பதான் பாக்கிறன் அண்ணை," என்றேன்.

"வெண்டாப் பிறகு நேரம் இருக்காது, ஐசே."

கீழ்வீட்டு பேர்கிட், தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வெடுத்த கிழவி, ஒவ்வொரு கிழமையும் சிவப்புப் பேனையால் உங்கள் டேனிஷைத் திருத்திவிட்டுப் போவார். எனக்கு மானம் போய்விடும். நீங்கள் திருத்தியதைப் பார்த்து எழுதிப் பழகி, அடுத்த தாளின் அடியில் அவருக்கு நன்றி போடுவீர்கள். அடுத்த வருடம் வென்றீர்கள். அதற்குப் பிறகு உங்களை ஒருவரும் அசைக்கவில்லை. எங்கள் ஆட்கள் உங்களுக்குச் செனட்டர் என்றே பெயர் வைத்தார்கள். முதலில் பகிடிக்குத்தான்.

பொது மண்டபத்தைச் சாமான் அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விடலாம் என்று யோசனை வந்த வருடம் நினைவிருக்கிறதா? சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அங்கேதான். போனால் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு இடமில்லை. எங்கள் பிள்ளைகளின் மொழி அழிகிறது என்று ஒரு சூடான அறிக்கை எழுதுங்கள் என்று நான் துள்ளினேன். நீங்கள் பாலத்தை ஞாபகப்படுத்தினீர்கள். செனட்டர் ஒருநாளும் பாலத்தைப் பற்றி எழுதியதில்லை, அந்தப் பாலத்தால் பள்ளிக்கூட பஸ்ஸில் போகிற பிள்ளையைப் பற்றித்தான் எழுதினார் என்றீர்கள். பிறகு அந்த மண்டபத்தில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று கிழமைக்கு ஒன்றாக எழுதினீர்கள். பேர்கிட்டின் பிங்கோ, சோமாலியப் பெண்களின் தையல், யாரோ ஒரு பேரப்பிள்ளையின் ஞானஸ்நான விருந்து. தமிழ் வகுப்பு கடைசியாகத்தான் வந்தது. கூட்டத்தன்று கதிரை போதவில்லை. வீட்டுக் குசினியில் மட்டும் பேசுகிற எங்கள் ஆட்கள்கூட வந்திருந்தார்கள். மண்டபம் தப்பியது.

நீங்கள் போன பிறகு சலவையறைக் கதவில் ஒட்டுப்பட்டியின் நாலு மூலை அடையாளம் மட்டும் இருந்தது. உடுப்புக் கூடையோடு போகிற ஒவ்வொருவரும் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். உங்கள் இறுதிக் கிரியையின்போது பேர்கிட் என் பக்கத்தில் வந்து, அந்த ஐந்தாவது வாக்கு தன்னுடைய இரண்டில் ஒன்று என்றார். அன்று கூட்டத்தில் தனக்குத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள்தானாம்.

இந்த வசந்தத்தில் மண்டபத்தைத் தடுக்கிற யோசனை திரும்பவும் வந்தது. உங்கள் கதிரை வெறுமையாக இருந்தது. வேறு ஆட்கள் நிற்பார்கள் என்று நானும் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் டேனிஷ் களஞ்சியத்துக்குள் பெட்டி ஏற்றவும் இறக்கவும் போதும், வெளியே வந்தால் மூச்சு வாங்கும் என்று சொன்னேன். மகள் இருக்கிறாளே, நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுகிறவள், அவள் சனிக்கிழமை வகுப்பில் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கிறாள். அவள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தாள். சண்டை பிடித்திருந்தால் சமாளித்திருப்பேன். மனைவிதான் முடித்து வைத்தாள்.

"ஒவ்வொரு நாளும் இஞ்ச நிண்டு எனக்குக் கதைக்கிறதை அங்க போய்க் கதையுங்கோ. கேக்கும் கிடைக்கும்."

கூட்டத்துக்கு மகள் கூட வந்து, எனக்காக ஒரு பேச்சு எழுதித் தந்தாள். எழுந்தவுடன் கண்ணாடி மேலங்கிப் பைக்குள், மேலங்கி வாசலில். தாளில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அதனால் தெரிந்ததைச் சொன்னேன். என் நண்பர் வலப்பக்கம் இருந்தவர், நான் இடப்பக்கம் இருக்கிறேன். எனக்கு அவ்வளவு தெரியாது. கேட்டுச் சொல்லுவேன். முடியாமல் போனாலும் எழுதுவேன். பேர்கிட் உடனே தன் இரண்டு வாக்கு அட்டைகளையும் உயர்த்திவிட்டார், வாக்கெடுப்பு இன்னும் தொடங்கவில்லை என்று தலைவர் சொன்ன பிறகும் இறக்கவில்லை. மண்டபம் இம்முறையும் தப்பியது. உங்கள் கதிரையில் நான் இருக்கிறேன். கதிரை எனக்குக் கொஞ்சம் பெரிசு. மூன்றாம் வாசல் விளக்கு, நம்பமாட்டீர்கள், இன்னும் சரியில்லை.

இன்று உங்கள் கதவடியில் இருந்து திரும்பி வந்தவுடன், உங்களுக்கு எழுதமுன், செனட்டருக்கு நாலு வரி எழுதினேன். மகள் என் ஆங்கிலத்தில் எலும்பு முறிந்த இடங்களை மட்டும் கட்டிவிட்டாள். ஐயா, நீங்கள் ஒருகாலத்தில் தன் சொந்தப் பிரதிநிதியைத் தேடச் சொன்ன மனிதர் அதைச் செய்தார், நன்றாகச் செய்தார், போன மாரியில் காலமானார், நல்ல ஓய்வு கிடைக்கட்டும் என்று எழுதினேன். இம்முறை பூச்சியம் போடவில்லை. டென்மார்க் என்று உண்மை விலாசமே போட்டேன். இரண்டாவது தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கமுன் பதில் வந்துவிட்டது. எழுதியதற்கு நன்றி. நீங்கள் என்னுடைய மாநிலத்தில் வசிப்பவரல்லர். தயவுசெய்து உங்கள் சொந்தப் பிரதிநிதியைத் தொடர்புகொள்ளுங்கள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, அண்ணை. நான் சிரித்த சிரிப்பில் மனைவி எழும்பி வந்துவிட்டாள்.

தோளுக்கு மேலால் வாசித்த மகள், அபூர்வமாகத் தமிழில் கேட்டாள்.

"அப்ப உங்கட பிரதிநிதி ஆர், அப்பா?"

அவளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது, இறங்கிப் போய்விட்டாள். கீழே மண்டபத்தில் பிள்ளைகள் கதிரை இழுக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. நானும் இறங்க வேண்டும். இந்தக் கிழமைத் தாள் மேசையில் இருக்கிறது: விளக்குக் கொம்பனிக்கு அடித்தேன், வரவில்லை, திங்கட்கிழமை திரும்ப அடிப்பேன். கடைசி வரி உங்களுடையதுதான். அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றியிருக்கிறேன். நான் எழுதியதில் பிழை இருந்தால் வந்து சொல்லுங்கள், இரண்டாம் மாடி, இடப்பக்கம்.