சூறையம்மாள், வயது ஒன்று

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்து சுகாதார நிலையம் திறந்ததும் முதல் மரியாதை எனக்குத்தான். சுகாதார ஆய்வாளர் காசிராஜன் சார் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்: "லேப்ல ஆஷ்லின் ஸ்லைடைப் பாக்காமலே மலேரியா இல்லைன்னு எழுதுது." பன்னிரண்டு வருடமாக இரத்தம் பார்க்கும் என்னை! இல்லாத மலேரியாவை எங்கே போய்த் தேட?

மதியம் செல்வக்குமார் வந்தார். பறவை ஆராய்ச்சி செய்பவர். கண்மாய்க் கருவேல மரங்களில் அடையும் சூறைக்குருவிகளை வனத்துறை அனுமதியோடு வலையில் பிடித்து, ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார். கஜகஸ்தான் பக்கமிருந்து வருகின்றனவாம், ஏழாயிரம்பண்ணைச் சோளத்தைத் தின்ன. அவற்றுக்கும் மலேரியா உண்டாம். குருவி மலேரியா, மனிதருக்கு ஒட்டாது. சாப்பாட்டு வேளையில் என் மைக்ராஸ்கோப்பைக் கேட்டார். கொடுத்தேன். நானும் பார்த்தேன்.

நம் சிவப்பணு வட்டம், நடுவில் ஒன்றும் இருக்காது. குருவிக்கு நீள்வட்டம், ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலமாய் ஒரு கரு. அதை அணைத்துப் படுத்திருக்கிறது கிருமி. அழகு! உடனே ஒரு கெட்ட யோசனை.

ஜனவரி 19

செய்துவிட்டேன். செல்வக்குமார் ஒதுக்கிய ஸ்லைடு ஒன்றில் சீட்டு ஒட்டினேன்: 'சூறையம்மாள், வயது 1, கண்மாய்க்கரை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்.'

"நீங்களே பாருங்க சார்."

ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார் காசிராஜன் சார். "நான் சொல்லல? கிருமி மொய்க்குது!" பிறகு சீட்டைப் படித்தார். "ஒரு வயசுப் பிள்ளைக்கா அம்மாள்னு பேரு வச்சிருக்காக?" என்றபடியே பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார்.

ஜனவரி 20

மூன்று தெரு, எழுபது வீடு. "சூறையம்மாளைப் பாத்தீகளா?" பட்டாசுக் கம்பெனி வேனுக்கு நின்ற ராக்காயி, "அந்தப் பேருல இருந்த கெழவி செத்து இருபது வருசமாச்சே, அங்கன போயித் தேடுங்க" என்று சுடுகாட்டைக் காட்டினாராம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஜனவரி 22

"சார், அது குருவி" என்று சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 24

ஊரெல்லாம் சொல்லிவிட்டார். "குருவிதான் மலேரியாவைக் கொண்டாருது, என் கண்ணால பாத்தேன்." பொய் என்றும் சொல்ல முடியாது! சோளம் போன கோபத்தில் இருந்தவர்களுக்கு இது போதாதா? கம்பெனி போர்மேன் பெத்தணன் ஆறு பெட்டி அணுகுண்டு வெடி தருகிறாராம். இருபத்தாறாம் தேதி கிராம சபையில் தீர்மானம், சாயந்திரமே வெடித்து விரட்டிவிட்டு, மறுநாள் மரங்களை வெட்டப்போகிறார்கள்.

"பத்தாயிரம் குருவிக்கு மேல இருக்கும்" என்றார் செல்வக்குமார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஏன்டி, உனக்கு எதுக்குடி இந்த வேலை? வாய வச்சிக்கிட்டு, கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா —

ஜனவரி 26

மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கிராம சபைக்கு ஆட்டோவில் போனேன். மைக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். சூறையம்மாள் என் குறும்பு. அந்தக் கிருமிக்குக் குருவி இரத்தம்தான் வீடு, நம்மிடம் வராது.

பெத்தணன் எழுந்தார். "அன்னைக்குச் சொன்னது பொய்யி. இன்னைக்குச் சொல்றது மட்டும் நெசமா?"

நியாயமான கேள்வி. மைக்ராஸ்கோப்பை மேசையில் வைத்தேன். "யாராவது ஒரு விரல் குடுங்க" என்றேன்.

ராக்காயி வந்தார். ஒரு சொட்டு எடுத்து, காயவைத்து, சாயம் போட்டு, முதலில் குருவியுடையதைக் காட்டினேன்.

"ஏத்தா, ஒவ்வொண்ணும் நடுவுல பொட்டு வச்சிருக்கு!"

பிறகு அவருடையது. வெகுநேரம் பார்த்தார். "எனக்குப் பொட்டில்ல."

புருஷன் போய் ஆறு வருடமான மனுஷி. அவரே நிமிர்ந்து சிரித்தார். "குருவிக்கெல்லாம் பொட்டு வச்ச சாமி எனக்கு வைக்கல பாத்தியா! அது சாதி வேற, நம்ம சாதி வேறப்பா. அதுக்கு வந்த சீக்கு நமக்கு எப்படி வரும்? மரத்த விடுங்கலே."

அப்புறம் எல்லாருக்கும் பொட்டைப் பார்க்கவேண்டும். பெத்தணன் இரண்டு தரம் பார்த்தார். தீர்மானத்தை யாரும் வாசிக்கவில்லை. வரிசை முடிவதற்குள் பொழுது சாய்ந்து, குருவிகள் தலைக்குமேல் புகையாய்ச் சுழன்று மரங்களில் இறங்கிவிட்டன.

பிப்ரவரி 9

மெமோ. விளக்கம் எழுதிக்கொடுத்தேன்: 'பறவையை நோயாளியாகப் பதிவு செய்தது தவறு என்பதை உணர்கிறேன்.' படித்த டாக்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஏப்ரல் 12

குருவிகள் போய்விட்டன. காசிராஜன் சார் இன்னும் பேசுவதில்லை.

இன்று ராக்காயி பதினொரு பெண்களைக் கூட்டிவந்தார். ஊசியென்றால் ஓடி ஒளிகிறவர்கள். காய்ச்சல் ஒருவருக்குத்தான், மற்றவர்களுக்குத் தங்கள் இரத்தத்தைப் பார்க்கவேண்டுமாம். காசிராஜன் சார் வரிசையை ஒழுங்குசெய்தார். எல்லாரும் போன பிறகும் நின்றார். அங்கே இங்கே பார்த்துவிட்டு, விரலை நீட்டினார்.

"மெதுவா குத்துங்க."

மெதுவாகக் குத்தவில்லை.