மூன்றாம் நம்பர் கார்டு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், உன் தங்கையும் புது மாப்பிள்ளையும் அதைவிடச் சுகம், நேற்று அவள் வந்து என் சட்டைகளில் இரண்டைப் பழசு என்று கழித்துக்கட்டிவிட்டுப் போனாள். உன் இருமல் விட்டதா என்று முதலில் எழுது, வெந்நீர் குடிக்கிறேன் என்று சும்மா சொல்லாதே, நீ குடிக்க மாட்டாய்.

லீவு கிடைக்கவில்லை, தங்கை கல்யாணத்துக்கு வர முடியாது என்று நீ போனில் அழுததிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான், ஒன்று விடாமல் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட வேண்டும். நீ விட்டுப்போன பழைய கேமரா இருந்தது, மெமரி கார்டுதான் இல்லை. கடையில் இருந்த பெண் எடுத்த எடுப்பில் ஆகப் பெரிய கார்டை நீட்டி, இதுல கல்யாணம் என்ன அங்கிள், பேரப்பிள்ளைங்க காலேஜ் போற வரைக்கும் எடுக்கலாம் என்றாள். நானா மசிவேன், பஸ் டெப்போவில் முப்பது வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன், கேமராவின் மாடல் நம்பரைச் சீட்டில் எழுதிக்கொண்டே போயிருந்தேன். அவளும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கேமரா முப்பத்திரண்டு ஜிபிக்கு மேல் ஏற்காது என்று ஒப்புக்கொண்டாள். வட்டத்துக்குள் பத்து என்று போட்டிருந்தால் வேகமான கார்டாம், வீடியோ திக்காமல் பதியுமாம், அதையும் பார்த்துக்கொண்டேன். மேஜை ஓரத்தில் குவித்திருந்த மலிவு கார்டுகளில் விரல் பட்டதும் எழுத்தே அழிந்தது, அந்தப் பக்கமே போகவில்லை. ஒரே கார்டை நம்பி அது கெட்டுப்போனால் கல்யாணமே போச்சு என்று எட்டு ஜிபியில் நாலாக வாங்கினேன். பொண்ணுக்குப் புடவை எடுக்கக்கூட இவ்ளோ நேரம் ஆகலை என்று உன் அம்மா நொடித்தாள்.

இதுவரை என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து செய்த காரியம்தான் வினை. ஸ்டோர் புத்தி விடுமா, நாலு கார்டிலும் நம்பர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒன்று வீட்டில் அலங்காரம், இரண்டு காரில் கிளம்புவது, மூன்று பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, நாலு விருந்து. முதல் இரண்டும் அருமையாக வந்தன. அலுவலகத்தில் போன்களையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், என் கேமராவுக்கு மட்டும் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தேன். உள்ளே போய் மூன்றாம் கார்டைச் செருகினால் ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டு மாட்டிக்கொண்டது. கார்டு இல்லை என்கிறது கேமரா, வெளியே இழுத்தாலும் வரவில்லை. நான் நகத்தால் நோண்டிக்கொண்டே இருந்தேன், எல்லாரும் கைதட்டினார்கள், தலையைத் தூக்கினால் கையெழுத்து முடிந்து அடுத்த ஜோடியைக் கூப்பிடுகிறார்கள். உனக்குக் காட்டப் படமும் இல்லை, பெற்றவன் பக்கத்தில் நின்றும் கண்ணால் பார்க்கவில்லை. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது அம்மா, உன்னிடம் சொல்ல என்ன கூச்சம்.

விருந்தில் மாப்பிள்ளைதான் யாரிடமோ புருவம் திருத்தும் இடுக்கி வாங்கி வந்து கார்டை உருவினார், தங்கமான பையன். நாலாவதின் ஸ்டிக்கரையும் அவரே உரித்துப் போட்டுக் கொடுத்தார். உன் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, நல்லதா போச்சுப்பா, எடுத்திருந்தா அந்தப் படத்துல அக்கா இருந்திருக்க மாட்டா, அவ வரட்டும், இதே புடவையைக் கட்டிக்கிட்டு நம்ம சாப்பாட்டு மேஜையில இன்னொரு தடவை கையெழுத்துப் போடறேன், சாட்சிக் கையெழுத்து அவதான் போடணும் என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஒன்று, இரண்டு, நாலு கார்டுகள் இந்தக் கவரில் இருக்கின்றன, பார்ப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள். மூன்றாவதை அனுப்பவில்லை, அது காலியாக உனக்காக இருக்கிறது. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதமும். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, மறந்துவிடாதே. இந்தத் தடவை படத்தை மாப்பிள்ளை எடுக்கட்டும், நான் உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கப் போகிறேன்.

என்றும் உன்
அப்பா